தாயும் பிள்ளையுமானாலும் ரூட்டிங் வேறு

சினிமா, கிரிக்கெட், ஹாஸ்டல் சாம்பார் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ரூட்டரைப் பற்றி ஆரம்பித்தால் கொட்டாவி வரத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது மார்க் விஷயம் இல்லை, நாளைக்கு நம்மில் பாதிப்பேர் வாங்கப்போகும் திட்டு பற்றிய விஷயம்.

கேள்வி இதுதான். இரண்டு தனியார் நிறுவனங்கள். தனித்தனி முதலாளி, தனித்தனி நெட்வொர்க் டீம். இண்டர்நெட் பக்கமே போகாமல் நேராக ஒரு லைன் போட்டு இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கப் போகிறார்கள். நடுவில் எந்த ரூட்டிங் போடுவது?

நம்ம பசங்க யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில்: "ஓஎஸ்பிஎஃப் போட்டா முடிஞ்சுது மச்சி. பிஜிபி எல்லாம் இண்டர்நெட்டுக்குத்தான்."

தப்பு. சுத்தமான தப்பு. எதனால் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தத் தப்பின் ஊற்று நம் பாடப்புத்தகம்தான். அதில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். இடது பக்கம் "உள்ளே": ரிப், ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி. வலது பக்கம் "வெளியே": பிஜிபி. வெளியே என்றால் என்ன என்று கேட்டால் "இண்டர்நெட் சார்" என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வெளியே என்பதற்கு அர்த்தம் இண்டர்நெட் இல்லை. என் அதிகாரம் முடிந்து அடுத்தவர் அதிகாரம் ஆரம்பிக்கும் இடம்தான் வெளியே. லைன் எவ்வளவு பிரைவேட்டாக இருந்தாலும் சரி, எதிர் முனையில் இருக்கும் ரூட்டரின் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை என்றால் அது வெளியேதான்.

ஒரு வங்கியும் ஒரு கம்பெனியும்

புரிவதற்கு ஒரு கற்பனை ஜோடி வைத்துக்கொள்வோம். ஒரு வங்கி, அதற்கு கார்டு வேலைகளைச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி. வங்கியின் உள் முகவரிகள் 10.20.0.0/16. கம்பெனி இந்த வேலைக்கு ஒதுக்கியிருப்பது 172.18.40.0/22. இரண்டுமே 1996ல் ஆர்எஃப்சி 1918 "யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று திறந்துவிட்ட முகவரிகள். ஒன்று அறுந்தால் இன்னொன்று என்று இரண்டு லைன், இரண்டு வேறு வேறு டெலிகாம் கம்பெனிகளிடமிருந்து.

இப்போது நடுவில் ஓஎஸ்பிஎஃப் போடுகிறோம். என்ன ஆகும்?

ஓஎஸ்பிஎஃப் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு ஏரியாவுக்குள் இருக்கும் எல்லா ரூட்டரிடமும் ஒரே வரைபடம் இருக்கவேண்டும். ஒருவன் ஒரு செய்தி சொன்னால் அது அத்தனை பேருக்கும் பரவும். எல்லோரும் அதே வரைபடத்தை வைத்து டைக்ஸ்ட்ரா கணக்குப் போட்டு வழி கண்டுபிடிப்பார்கள். ஆக, ஓஎஸ்பிஎஃப்பின் அஸ்திவாரமே "எல்லோரும் உண்மை சொல்கிறார்கள், எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள்" என்கிற நம்பிக்கை. ஒரே வீட்டுக்குள் இது அருமையான ஏற்பாடு. ஜான் மாய் எழுதி 1998ல் வந்த ஆர்எஃப்சி 2328 இன்றைக்கும் நின்று விளையாடுகிறது என்றால் சும்மா இல்லை.

ஆனால் அடுத்த வீட்டுக்காரனை இந்த வரைபடத்துக்குள் விட்டால்? அவன் சொல்வதை உங்களால் மறுக்க முடியாது. "ஃபில்டர் போடலாமே" என்பீர்கள். போடலாம். ஆனால் அந்த ஃபில்டர் உங்கள் ஒரு ரூட்டரின் ரூட்டிங் டேபிளில் அந்த வழி ஏறாமல்தான் தடுக்கும். செய்தி வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த ரூட்டருக்கும், அதற்கடுத்த ரூட்டருக்கும் பரவிக்கொண்டே இருக்கும். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டாலும் வதந்தி வீட்டுக்குள் போய்விட்ட மாதிரி.

கம்பெனியில் ஒரு பையன் லேப் ஒன்று அமைக்கிறான். சோதனைக்காக 10.20.7.0/25 என்று ஒரு முகவரித் தொகுதியைக் கொடுக்கிறான். அவனைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு எண். அது ஓஎஸ்பிஎஃப்பில் கலந்து வங்கிக்கு வருகிறது. வங்கியில் 10.20.7.0/24 என்பது டேட்டாபேஸ் சர்வர்கள் இருக்கும் இடம். ரூட்டிங்கில் எது குறுகலான முகவரியோ அதற்குத்தான் முன்னுரிமை. /24ஐ விட /25 குறுகல். முடிந்தது கதை. வங்கியின் கிளைகளிலிருந்து அந்த சர்வர்களில் பாதிக்குப் போகவேண்டிய பேக்கெட் எல்லாம் கம்பெனியின் லேபுக்குக் கிளம்பிவிடும். வங்கி டீம் எந்த ரூட்டரிலும் ஒரு வரி மாற்றவில்லை. ஆனால் போன் அவர்களுக்குத்தான் வரும்.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. ரூட்டர் ஐடி என்று ஒன்று வைக்கிறோம் இல்லையா, இரண்டு டீமும் தனித்தனியாக அழகாக 1.1.1.1 என்று வைத்திருப்பார்கள். ஒரே ஏரியாவில் இரண்டு 1.1.1.1 வந்தால் ஒன்று சொல்வதை இன்னொன்று அழித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஏரியா 0 இருக்கும், அது தெரியாமலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் ஒரு லைன் விட்டு விட்டு வேலை செய்தால் இந்தப் பக்க ரூட்டர்களும் உட்கார்ந்து மறுபடி மறுபடி கணக்குப் போடும். அவன் வீட்டுத் தலைவலிக்கு நம் வீட்டில் மாத்திரை.

"தனித்தனியா வச்சு நடுவுல கலந்துக்கலாமே?"

அடுத்த யோசனை இது. இரண்டு பேரும் தனித்தனி ஓஎஸ்பிஎஃப், எல்லையில் மட்டும் ரீடிஸ்ட்ரிப்யூட் செய்து ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகளை ஊற்றுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊற்றும்போது ஒரு வழி எங்கிருந்து பிறந்தது, எவ்வளவு தூரம் என்கிற ஜாதகமே தொலைந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் ஊற்றினால் சமாளிக்கலாம். நம் ஜோடிக்கு இரண்டு லைன். ஒரு வாசல் வழியாகப் போன வழி இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வந்து, "நான் வெளியூர்க்காரன், உங்க ஊருக்குப் போக என் கூட வாங்க" என்று கூப்பிடும். லூப். ஒவ்வொரு வழிக்கும் டேக் குத்தி, திரும்பி வந்தால் அடையாளம் கண்டு துரத்தினால்தான் இதைத் தடுக்கமுடியும். அதாவது பிஜிபி பிறக்கும்போதே கொண்டுவரும் ஒரு வசதியைக் கையால் செய்துகொண்டிருக்கிறோம்!

ஜாதகம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1997 ஏப்ரல் 25. அமெரிக்காவில் ஏஎஸ் 7007 என்ற எண் கொண்ட ஒரு சிறிய நெட்வொர்க்கின் ரூட்டர், தான் கேட்ட இண்டர்நெட் வழிகளை /24 துண்டுகளாக நறுக்கி, உண்மையான பாதை விவரம் போய், எல்லாம் தன்னிடமே பிறந்தவை போல வெளியே சொன்னது. குறுகலான முகவரிக்கு முன்னுரிமை என்ற அதே விதி. உலகத்தின் டிராஃபிக் அந்தச் சின்ன நெட்வொர்க்கை நோக்கி ஓடியது. அந்த ரூட்டரைக் கழற்றி வைத்த பிறகும் பொய் வழிகள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தன. பிறந்த இடம் தெரியாத வழி எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஸ்டேட்டிக் ரூட்டுக்கு ஒரு மரியாதை

ஸ்டேட்டிக் ரூட்டைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரே ஒரு லைன், இரண்டு மூன்று முகவரித் தொகுதி, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டேட்டிக் போடலாம். எதிராளி என்ன உளறினாலும் நம் காதில் விழாது. அந்த வகையில் ஓஎஸ்பிஎஃப்பை விட ஸ்டேட்டிக் ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் லைன் இரண்டானதும் சாயம் வெளுக்கும். இன்றைய லீஸ்டு லைன் நம் ரூட்டரிலிருந்து எதிராளி ரூட்டருக்கு ஒரே கம்பியாகப் போவதில்லை. நடுவில் டெலிகாம்காரரின் ஸ்விட்சுகள் இருக்கின்றன. அங்கே எங்கோ அறுந்தாலும் நம் ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டேட்டிக் ரூட்டும் "எல்லாம் நலம்" என்று பேக்கெட்டைக் கிணற்றில் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது லைன் சும்மா படுத்திருக்கும். இதற்கு பிங் அடித்துக் கண்காணித்து ரூட்டை மாற்றும் ஒட்டுவேலைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் இரண்டு டீம் ஒரே மாதிரி ஒட்டினால்தான் அது நிற்கும். ஒரு பக்கம் லைன் மாறி, மறுபக்கம் மாறாமல் நின்றால், நடுவில் இருக்கும் ஃபயர்வால் பாதி உரையாடலை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்தையும் வெட்டிவிடும்.

பிஜிபி பிறந்த கதை

பிஜிபி இண்டர்நெட்டுக்காகப் பிறந்தது என்பதும் அரைகுறை உண்மைதான். அதன் வேர் 1982ல் இருக்கிறது. அர்பாநெட்டில் கேட்வேக்கள் பெருகி, ஆளுக்கொரு நிறுவனம் ஆளுக்கொரு மாதிரி செய்துகொண்டிருந்தபோது, பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரோசன் ஆர்எஃப்சி 827 எழுதினார். பலர் நடத்தும் கேட்வேக்களை ஒரே ரூட்டிங் அமைப்பாக வைத்துக்கொண்டால் பராமரிப்பதும் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் நடக்காத காரியம், அதனால் தன்னாட்சி அமைப்புகளாகப் பிரித்துவிடுவோம் என்பதுதான் அதன் சாரம். ஏஎஸ் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். கவனியுங்கள், பிரித்தது அளவுக்காக மட்டும் இல்லை. யார் பொறுப்பு என்பதற்காகவும்தான். அன்றைக்கு அந்த நெட்வொர்க் இன்றைய ஒரு நடுத்தரக் கம்பெனி அளவுகூட இருக்காது!

பிறகு 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரத்தில் நடந்த ஐஈடிஎஃப் கூட்டத்தின்போது, சிஸ்கோவின் கர்க் லாகீட், ஐபிஎம்மின் யாகவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் கிறுக்கியதுதான் பிஜிபி. அதே வருஷம் ஜூனில் ஆர்எஃப்சி 1105 ஆக வந்தது. நாம் இன்று பயன்படுத்தும் நான்காம் பதிப்பின் விளக்கம் 2006ல் வந்த ஆர்எஃப்சி 4271.

நம் வங்கியும் கம்பெனியும் இதைப் போட்டால் என்ன கிடைக்கிறது?

முதலில், இரண்டு பக்கமும் எதிராளியின் முகவரியையும் ஏஎஸ் எண்ணையும் கையால் எழுதினால்தான் பேச்சே ஆரம்பிக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. ஏஎஸ் எண்ணுக்கு யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டாம். 64512 முதல் 65534 வரை தனியார் உபயோகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். (ஒரே ஒரு எச்சரிக்கை: ஊரில் எல்லோரும் 65001ஐத்தான் எடுப்பார்கள். இரண்டு பேரும் பேசி வேறு வேறு எண் எடுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது, வருவதையும் போவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதிக்கலாம். வங்கி "172.18.40.0/22க்குள் இருப்பதை மட்டும் ஏற்பேன்" என்று ஒரு வரி எழுதினால் அந்த லேப் பையனின் /25 வாசலிலேயே செத்துவிடும். டீஃபால்ட் ரூட் வந்தாலும் சாகும். இது போதாது என்றால் "பத்து வழிக்கு மேல் சொன்னால் பேச்சு கட்" என்று உச்சவரம்பும் வைக்கலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு வழியும் தான் கடந்து வந்த ஏஎஸ் எண்களைச் சுமந்துகொண்டு வரும். தன் எண்ணைத் தானே பார்த்தால் ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். டேக் குத்தும் வேலை மிச்சம்.

நான்காவது, லைன் அறுந்தால் பேச்சு அறும், பேச்சு அறுந்தால் வழி மறையும், இரண்டாவது லைன் எழுந்துகொள்ளும். எந்த லைன் முதல், எந்த லைன் இரண்டாவது என்பதையும் அவரவர் பக்கத்தில் அவரவர் தீர்மானிக்கலாம்.

வரப்போகும் சண்டைகளுக்கு முன்பதிவு

"பிஜிபிக்குப் பெரிய ரூட்டர் வேணும்." எதற்கு? இண்டர்நெட் முழுவதையும் சுமக்கும் ரூட்டருக்குத்தான் லட்சக்கணக்கான வழிகள். நம் ஜோடிக்குப் பத்து வழி. இலவச மென்பொருளான எஃப்ஆர்ஆர் அல்லது பேர்டைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரே தாங்கும்.

"பிஜிபி மெதுவா முழிச்சுக்கும்." உண்மைதான். ஆர்எஃப்சி 4271 பரிந்துரைக்கும் ஹோல்டு டைம் 90 நொடி, பல சிஸ்கோ ரூட்டர்களில் தானாக இருப்பது 180 நொடி. ஆனால் கூடவே பிஎஃப்டி போட்டால் ஒரு நொடிக்குள் லைன் செத்தது தெரிந்துவிடும். சும்மா விட்டால் ஓஎஸ்பிஎஃப்புக்கும் 40 நொடி ஆகும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் :-)

"பிஜிபியாலதானே யூட்யூப் செத்துச்சு?" வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். 2008 பிப்ரவரி 24ல் பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூட்யூபைத் தடுக்கப் போட்ட ஒரு /24 வழி வெளியே கசிந்து, மேலே இருந்த பிசிசிடபிள்யூ அதை வடிகட்டாமல் உலகத்துக்குச் சொல்ல, சுமார் இரண்டு மணி நேரம் யூட்யூப் பல இடங்களில் காணாமல் போனது. 2019 ஜூன் 24ல் பென்சில்வேனியாவில் ஒரு கம்பெனி வழியாகக் கசிந்த வழிகளை வெரைசன் அப்படியே ஏற்றுக்கொண்டதில் கிளவுட்ஃபிளேர் உட்படப் பலர் பாதிக்கப்பட்டார்கள். இரண்டிலும் பூட்டு இருந்தது, பூட்டவில்லை. பூட்டாத கதவைக் காட்டி கதவே வேண்டாம் என்றால் எப்படி? இப்படிப்பட்ட கசிவுகளைத் தடுக்கத்தான் 2017லேயே ஆர்எஃப்சி 8212 வந்திருந்தது. வெளியாளோடு பிஜிபி பேசும்போது ஃபில்டர் எழுதவில்லை என்றால் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்கிறது அது. எல்லா ரூட்டரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. அதனால் ஃபில்டர் எழுதாமல் பிஜிபி போடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஒரு நிஜமான பொறியையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்கோவில் வெளியிலிருந்து வரும் பிஜிபி வழிக்கு நம்பக மதிப்பு 20, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைவான எண்தான் ஜெயிக்கும். அதாவது உங்கள் சொந்த முகவரியை எதிராளி உங்களுக்கே சொன்னால், உள்ளே ஓஎஸ்பிஎஃப் சொல்வதைத் தள்ளிவிட்டு எல்லை ரூட்டர் அதை நம்பும். ஆகவே அனுமதிப் பட்டியலை முதலில் எழுதுங்கள், பேச்சைப் பிறகு ஆரம்பியுங்கள்.

"ரெண்டு பேர்கிட்டயும் 10.0.0.0/8 இருந்தா?" அதற்கு எந்த ரூட்டிங்கும் மருந்து இல்லை. ஒன்று முகவரி மாற்றவேண்டும், இல்லை நாட் போடவேண்டும். பிஜிபியைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். இன்றைக்குக் கம்பெனிகள் அமேசானின் டைரக்ட் கனெக்டிலோ மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பிரஸ்ரூட்டிலோ தனி லைன் போடுகிறார்கள். இண்டர்நெட் இல்லை, பிரைவேட் லைன்தான். அங்கே என்ன பேசவேண்டும்? பிஜிபி மட்டும். டைரக்ட் கனெக்டின் பிரைவேட் இணைப்பில் நூறு வழிக்கு மேல் சொன்னால் அமேசான் பேச்சையே நிறுத்திவிடும். வாடிக்கையாளரைத் தெய்வமாக மதிக்கும் வியாபாரிகூட ரூட்டிங்கில் வாடிக்கையாளரை நம்புவதில்லை. நாம் மட்டும் ஏன் நம்பவேண்டும்?

யார் தலையில் விடியும்?

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம், ரூட்டிங் தேர்வு என்பது வேகக்கணக்கு இல்லை, பொறுப்புக்கணக்கு. இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் போடும்போது வக்கீல் வைத்து ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடுவார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று நாற்பது பக்கம் எழுதுவார்கள். பிறகு லைன் வந்ததும் "சீக்கிரம் முடிங்கப்பா" என்று ஓஎஸ்பிஎஃப்பைப் போட்டு, அந்த நாற்பது பக்கத்தையும் ஒரே நிமிடத்தில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எதிராளியின் தவறு நம் வீட்டுக்குள் நடக்க அனுமதி கொடுத்தாயிற்று, அதைத் தடுக்க அதிகாரம் மட்டும் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு அது வெடிக்கும்போது அந்த முடிவை எடுத்த மேனேஜர் தூங்கிக்கொண்டிருப்பார். ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கப் போவது நாம்தான், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான நாம். நம் ரூட்டரில் தப்பே இருக்காது. ஆனால் நம் சர்வர்கள் காணாமல் போயிருக்கும். எதிர்ப்பக்கம் போன் செய்தால் "எங்க சைடு எல்லாம் ஓகே சார்" என்பார்கள். இதே இடத்தில் பிஜிபி இருந்தால், அவன் என்ன சொன்னான், நான் எதை ஏற்றேன் என்று இரண்டு கட்டளையில் காட்டிவிடலாம். அந்தச் சாட்சி நம் சீட்டைக் காப்பாற்றும்.

அதனால் என் தீர்ப்பு: ஒரே லைன், மாறாத முகவரி என்றால் ஸ்டேட்டிக். அதற்கு மேல் ஒரு படி போனாலும் பிஜிபி, இரண்டு பக்கமும் அனுமதிப் பட்டியலோடும் உச்சவரம்போடும். அவரவர் ஓஎஸ்பிஎஃப் அவரவர் வீட்டுக்குள். அண்ணன் தம்பி நிலத்துக்கே நடுவில் வரப்பு வேண்டும் என்று நம் பாட்டன்களுக்குத் தெரிந்திருந்தது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. வேறு வேறு முதலாளிகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஓஎஸ்பிஎஃப் ரசிகர் மன்றத்தினர் சண்டைக்கு வரலாம். வரும்போது எதிர்ப்பக்க ரூட்டரின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது உங்களிடம் இருந்தால் நான் தோற்றேன் :-)